கைக்கு வந்ததில் யார் பங்கு? நல்லபடி வாழ்வது பற்றிக் கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை ரெண்டு நாளாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் திருப்புல்லாணிப் பக்கம், திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை, காலை நாலரைக்கு எழுந்து தியானம், வெள்ளிக்கிழமை விரதம், வருடம் தவறாமல் மாலை போட்டு மலைக்குப் போவது, இவ்வளவும் செய்தும் ‘நான் நல்லவனாக வாழ்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை, மனசு நிறைய மாட்டேன் என்கிறது, அன்றாடம் கடைப்பிடிக்க ஒரு வழி சொல்லுங்கள்’ என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி வேறு: வீட்டுப் பாகப்பிரிவினையில் வந்த மனத்தாங்கலில் அண்ணனோடு மூன்று வருடமாகப் பேச்சில்லை என்று. அந்த வரிக்குப் பிறகு வருகிறேன்.

வழி என்று ஒன்று, இரண்டு, மூன்று எண் போட்டுத் தர என்னிடம் ஒன்றும் இல்லை. நான் சாமியாரும் இல்லை, படித்த பண்டிதனும் இல்லை. மண்டபம், பாம்பன் பக்கத்துக் கரையிலேயே பிறந்து, மீன் வியாபாரிகளிடம் கணக்கு எழுதிப் பிழைத்து, இப்போது வேலையை விட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறவன். பள்ளிக்கூடச் சுவரில் எழுதிப் போட்டிருந்த நல்ல வாக்கியங்களெல்லாம் எனக்கும் மனப்பாடம்தான், அவற்றால் நான் திருந்தியதாகச் சொன்னால் அது பொய். கொஞ்சமாவது திருந்தினேன் என்றால் அது கரையில் பங்கு பிரிக்கிறதைப் பார்த்துத்தான். அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் பக்கம் வள்ளத்தில் நாலைந்து பேர் சேர்ந்து போவார்கள். கரைக்கு வந்து மீனை விற்றதும் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பங்கு போடுவார்கள். ஆளுக்கு ஒரு பங்கு, வள்ளத்துக்கும் வலைக்கும் எஞ்சினுக்கும் தனியாகப் பங்கு, அது சொந்தக்காரருக்குப் போகும். ஊருக்கு ஊர் இந்தக் கணக்கு மாறும், ஆனால் இந்தக் கணக்கெல்லாம் தொடங்குவதற்கு முன்னால் ஒன்று நடக்கும், அது எந்த நோட்டிலும் ஏறாது. குழம்புக்கு என்று கொஞ்சம் மீனைத் தனியே ஒதுக்குவார்கள். ஆளுக்குக் கொஞ்சம் வீட்டுக்கு எடுத்துக்கொள்வது போக, கடலுக்குப் போக முடியாத ஒரு கிழவர் வலை தைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அவருக்கு நாலு, புருஷனைக் கடலில் விட்ட ஒரு பெண் சும்மா பேச வந்த மாதிரி நிற்பார், அவர் பெட்டியில் நாலு. அவர் கேட்க மாட்டார். இவர்களும் கொடுத்தோம் என்று பேச மாட்டார்கள். காரலோ நகரையோ, அன்றைக்கு எது பட்டதோ அது விழும். மீன் சரியாகப் படாத நாளில்கூட ரெண்டாவது விழும்.

படகு ஒன்று திரும்பவில்லை என்றால் எல்லாப் படகும் தன் டீசலைப் போட்டுக்கொண்டு தேடப் போகும், அதற்குப் பில் எழுதுகிறவன் கிடையாது. ஊரில் சாவு விழுந்தால் யாரும் தொழிலுக்குப் போகிறதில்லை. இதைச் சொல்லும்போது கடற்கரைக்காரர்கள் எல்லாரும் தெய்வப்பிறவிகள் என்று நினைத்துவிடாதீர்கள். குழம்புக்கு மீன் போட்ட அதே கை சாயங்காலம் குடித்துவிட்டு வீட்டில் பொண்டாட்டியை அடிக்கும், நானே பார்த்திருக்கிறேன், பக்கத்து வீட்டுச் சுவர் மெல்லியது. ஆனாலும் அந்த முதல் நாலு மீனில் எனக்கு ஒன்று புரிந்தது. ‘என் கைக்கு வந்தது முழுக்க என்னுடையது’ என்று நினைக்கிற பழக்கத்தை அங்கே கொஞ்ச நேரமாவது ஒதுக்கி வைக்கிறார்கள். நல்ல வாழ்க்கை, ஆன்மீகம் என்றெல்லாம் சொல்கிறதில் எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்: கைக்கு வந்து சேருகிறதில் எது அடுத்தவர் பங்கு என்று கண்டுபிடித்து, அதை அவரிடம் சேர்த்துவிடுவது. பணம் மட்டும் என்று நினைக்காதீர்கள். தண்ணீர், நேரம், பேர், ஒரு நல்ல வார்த்தை என்று எல்லாவற்றிலும் யாருடைய பங்காவது கலந்துதான் நம்மிடம் வருகிறது. கண்டுபிடிப்பதுதான் கஷ்டம், கொடுப்பது அவ்வளவு கஷ்டமில்லை.

எவ்வளவு கஷ்டம் என்பதற்கு என் கதையையே சொல்கிறேன், பெருமைப்பட ஒன்றும் இல்லாத கதை.

இருபத்தெட்டு வயதில் ஒரு நண்டு, இறால் வியாபாரியிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பேர் வேண்டாம், அந்தக் கம்பெனியே இப்போது இல்லை. அங்கே தண்ணீர்க் கழிவு என்று ஒரு வழக்கம். நண்டில் கடல் தண்ணீர் இருக்குமாம், அதனால் பத்துக் கிலோ எடை போட்டால் ஒன்பது கிலோவுக்குத்தான் காசு. ஒருநாள் வேலையில்லாத மத்தியானத்தில் சும்மா ஒரு பெட்டி நண்டை எடை போட்டு, தண்ணீரை நன்றாக வடியவிட்டு மறுபடி போட்டேன். பத்துக் கிலோவில் முந்நூறு கிராம்தான் குறைந்தது. அப்படியானால் எழுநூறு கிராம் நண்டை நாங்கள் தண்ணீர் என்று சொல்லி எடுத்துக்கொண்டிருந்தோம். நாளுக்குப் பத்துக் கிலோ கொண்டு வருகிற வீட்டில், மாதம் இருபது நாள் கடல் என்று வைத்தாலும் பதினாலு கிலோ. அதை எழுதினது என் கை. அச்சடித்த மாதிரி அழகான எழுத்து என்று முதலாளி எல்லாரிடமும் மெச்சுவார்.

வலையிலிருந்து நண்டைக் கழற்றித் தலைச்சுமையாகக் கொண்டுவருகிற ஒரு அக்கா, நாற்பது வயதிருக்கும், ஒருநாள் நண்டைச் சாக்கில் கட்டி வெகுநேரம் வடியவிட்டுக் கொண்டுவந்தார். “தண்ணி இல்ல தம்பி, தொட்டுப் பாருங்க” என்றார். நான் தொட்டுக்கூடப் பார்க்காமல் “அது வழக்கம்க்கா, மாத்த முடியாது” என்றேன். “வழக்கம்னா யாரு வச்சது?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் இருந்தது, அதனால்தான் பதில் வரவில்லை.

முதலாளியிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “சரி, அந்தம்மாவுக்கு மட்டும் அரைக் கிலோவா எழுது, மத்தவங்களுக்குச் சொல்லாத” என்றார். நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். அப்படிச் செய்யவில்லை. ஒருத்தருக்கு அரை, மிச்சப் பேருக்கு ஒன்று என்று நாலு வருடம் எழுதினேன். என்ன கொடுமை என்றால், அந்த நாலு வருடமும் நான் ஏதோ நியாயம் செய்துவிட்ட திருப்தியில் இருந்தேன்! ஒவ்வொரு அமாவாசைக்கும் ராமேஸ்வரம் போய் அக்னி தீர்த்தத்தில் முங்கி, இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு வருவேன். மனசு லேசாக இருக்கும். அந்த லேசுதான் என்னைக் கெடுத்தது என்று இப்போது தோன்றுகிறது. முங்கி எழுந்தால் கணக்கு நேராகிவிடும் என்றால் நான் ஏன் நோட்டைத் திருத்த வேண்டும்?

அதனால் உங்கள் தியானத்தையோ விரதத்தையோ குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், விரதம் நானும் இருக்கிறவன்தான். ஆனால் அக்னி தீர்த்தக் கரையில் ஒரு நாள் காலையில் நின்று பாருங்கள். பாவம் போகக் குளித்தவர்கள் உடுத்தியிருந்த வேட்டியையும் சேலையையும் கடலிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். அது அலையில் உருண்டு கரைக்கு வரும். துப்புரவுத் தொழிலாளிகள் இடுப்பளவு தண்ணீரில் நின்று, உப்பும் மணலும் ஏறிக் கனக்கிற அந்தத் துணியை இழுத்துப் போடுவார்கள். குளித்தவர் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார், அவர் விட்டுப்போனதை வேறு யாரோ சுமக்கிறார். இதைப் பார்த்த பிறகு முங்குவதற்கு முன்னால் ஒரு நிமிடம் தயங்குவீர்கள், அந்தத் தயக்கம் நல்லது.

இதே ராமேஸ்வரம் கோயிலில் 1897 ஜனவரியில் விவேகானந்தர் பேசியதும் இதைத்தான். மேல்நாட்டிலிருந்து திரும்பி, இலங்கை வழியாகப் பாம்பனில் வந்து இறங்கினார், ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி எதிர்கொண்டு அழைத்தார். அத்தனை பெரிய பிராகாரமும் அத்தனை தீர்த்தமும் இருக்கிற இடத்தில் நின்றுகொண்டு அவர் பேசிய பொருள் எது உண்மையான வழிபாடு என்பது. ஏழையிடத்திலும் நோயாளியிடத்திலும் சிவனைப் பார்க்கிறவன்தான் நிஜமாகச் சிவனைக் கும்பிடுகிறான் என்றார். ஒரு கதையும் சொன்னார்: ஒரு தோட்டக்காரன் முதலாளியைக் கண்டால் ஓடிவந்து, ‘என் எஜமானின் முகம் என்ன அழகு’ என்று ஆடுவான், இன்னொருத்தன் அதிகம் பேச மாட்டான், காய்கனி விளைவித்துச் சுமந்துகொண்டு போய்க் கொடுப்பான், இவர்களில் முதலாளிக்குப் பிரியமானவன் யார்? நூறு வருடத்துக்கும் மேலாகிவிட்டது. நான் அந்த முதல் ஆளாகத்தான் ரொம்ப நாள் இருந்தேன், அழகாக வேறு எழுதுவேன்.

பக்தியைப் பற்றிப் பேசும்போது, தர்கா இருக்கிற நம் மாவட்டத்து ஏர்வாடியை விட்டுவிட்டுப் போக முடியாது. 2001 ஆகஸ்ட் 6, அதிகாலை. மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் செத்தார்கள், சங்கிலியால் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. தர்காவின் பேரில் நம்பிக்கை வைத்து, குணமாகும் என்று தூரதூரத்திலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவர்கள். நம்பிக்கை வைத்ததில் தப்பு இல்லை. கொண்டுவந்து விட்டுவிட்டு, கட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்தும், மாதாமாதம் பணம் அனுப்பினால் போதும் என்று இருந்தவர்களும் உண்டு. அவர்களும் நேர்த்திக்கடன் வைத்திருப்பார்கள், நோன்பு இருந்திருப்பார்கள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அப்படிப்பட்ட காப்பகங்களை மூடினார்கள். இதற்கு மேல் இதைப் பற்றி எனக்கு எழுத வரவில்லை.

ஏர்வாடிக்குப் பக்கத்தில்தான் கீழக்கரை. ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோமே, அந்த வள்ளல் சீதக்காதி இந்த ஊர்க்காரர், 17-ம் நூற்றாண்டு, பெரிய கப்பல் வியாபாரி, ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதிக்கு வேண்டியவர். அவர் அடக்கமான பிறகு படிக்காசுப் புலவர் வந்து அழுதபோது சமாதியிலிருந்து கை நீண்டு மோதிரம் கொடுத்தது என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. எனக்கு அந்தக் கையை விடப் பிடித்தது அதே புலவர் பாடிவைத்த இன்னொரு சேதி: பொன்னும் நெல்லும் தராசில் ஒரே எடைக்கு விற்கிற பஞ்சத்தில் அவர் அன்னதானத்தை நிறுத்தவில்லை என்பது. யோசித்துப் பாருங்கள், அவர் வியாபாரி. நெல் பொன் விலைக்குப் போகிறது என்றால் வியாபாரிக்கு அதைவிட நல்ல காலம் உண்டா? நெல் இருக்கிற கிட்டங்கியைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொள்கிற நேரத்தில் அவர் அடுப்பு மூட்டச் சொல்லியிருக்கிறார். மிச்சமானதைக் கொடுக்கிறவர்கள் நிறையப் பேர், எனக்கே அந்தப் பழக்கம் உண்டு. விலை ஏறுகிற நேரத்தில் கொடுப்பது வேறு ரகம்.

கீழக்கரையில் எனக்கு ஒரு பாய் சிநேகம், வயதில் மூத்தவர், கொழும்பில் கடை வைத்திருந்துவிட்டு வந்தவர். ரமலானில் ஜகாத் கணக்குப் பார்க்க என்னைக் கூப்பிடுவார். வரம்புக்கு மேல் ஒரு வருடம் கையில் நின்ற சொத்தில் நூற்றுக்கு இரண்டரை. ஒரு தடவை, “இவ்வளவு தர்மம் பண்றீங்க” என்று பாராட்டினேன். உடனே திருத்தினார்: “தர்மம் இல்ல, இது அவுக ஹக்கு, ஏழைகளோட உரிமை. அவுக காசு என்கிட்ட ஒரு வருசமா இருந்திருக்கு, அவ்வளவுதான்.” அவர் கணக்கில் கடை வாடகை பாக்கிகூட விடாமல் ஏறும். மறந்துபோன ஒரு சின்ன வரவை நான் கண்டுபிடித்தால் சந்தோஷப்படுவார். வரவு கூடினால் கொடுக்க வேண்டியதும் கூடுமே, இதற்கு ஏன் சந்தோஷம் என்று எனக்குப் புரிய வருடக்கணக்காயிற்று. நானும் கணக்கன், அவரும் கணக்கு பார்க்கிறவர், ரெண்டு பேர் நோட்டும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருந்தது.

தண்ணீருக்கு வருகிறேன், நம் மாவட்டத்துக்காரர்களிடம் தண்ணீரைப் பற்றிப் பேசாமல் எதைப் பேசுவது? அதிகாரிகளை ‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்’ என்று மிரட்டினார்களே, அந்தக் காடு நாம்தான். உங்கள் ஊரிலும் குடிக்கிற ஊருணி என்று ஒன்று தனியாக இருந்திருக்கும். கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏற வேண்டும், துணி துவைக்கக் கூடாது, மாடு இறக்கக் கூடாது. காவல்காரன் இல்லாத நேரத்திலும் சின்னப் பிள்ளைகள்கூட அதில் காலை விட மாட்டார்கள். தனுஷ்கோடியில் இன்னும் அழகு, ரெண்டு பக்கமும் கடல் இருக்கிற மணலில் கையால் கொஞ்சம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். ஊறுகிற அளவுக்கு மொண்டுகொள்ள வேண்டும், ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். நல்லதைச் சொல்லும்போது இதையும் சொல்ல வேண்டும்: சில தெருக்காரர்களைக் கரையிலேயே ஏறவிடாத ஊருணிகளும் நம் மாவட்டத்தில் இருந்தன. செருப்பைக் கழற்றின அதே ஆள்தான் அதையும் செய்தார். புனிதம் என்று எதையாவது கட்டிக் காக்கும்போது யாரை வெளியே நிறுத்தியிருக்கிறோம் என்றும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கண்ணுக்குத் தெரிகிறவர்கள் பங்கே இந்தப் பாடு என்றால், தெரியாதவர்கள் பங்கு? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது, மீன் முட்டையிடுகிற காலம். முன்பு 45 நாளாக இருந்தது. அது அரசாங்கம் போட்ட தடை, மீறினால் கேஸ். ஆனால் பாம்பன் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கிற பெண்களைப் பாருங்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, தீவுப் பாறைகளில் மூச்சைப் பிடித்து முங்கிப் பாசி பறிக்கிறவர்கள். அன்றைக்குப் பறித்தால்தான் அன்றைக்குச் சோறு. அவர்களே கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள்தான் போவது, பாசியை வேரோடு பிடுங்குவதில்லை என்று வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமிக்கு 2015-ல் அமெரிக்காவிலிருந்து, தீவுகளின் இயற்கையைக் காக்கப் பாடுபடுகிறவர்களுக்கான சீகாலஜி விருது கொடுத்தார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லிருந்து தேசியப் பூங்கா, அதனால் வனத்துறையோடு அவர்களுக்கு இழுபறி, அது தனிக் கதை. நான் யோசிப்பது அந்த மிச்சம் பதினெட்டு நாளைப் பற்றி. பசியோடு வீட்டில் உட்கார்ந்திருந்து பாசி வளரட்டும் என்று விடுகிற பதினெட்டு நாள். இதைவிடப் பெரிய விரதத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

இப்போது நம் ஆட்களுக்குப் பிடிக்காத ஒன்று. ராமேஸ்வரத்தில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு மிச்ச நாள் என்று கடலையே நாள் கணக்கில் பிரித்து வைத்திருக்கிறோம், சின்னவன் வலையைப் பெரியவன் அறுத்துவிடக் கூடாது என்பதற்காக. அந்த நியாயம் கடலில் இலங்கை எல்லைக்கு அந்தப் பக்கம் போனதும் எங்கே போகிறது? நம் பிள்ளைகளைப் பிடித்துக் கொண்டுபோய் யாழ்ப்பாணத்தில் சிறை வைக்கும்போது வயிறு எரிகிறது, அடிபட்டுத் திரும்பினவர்களை எனக்கே தெரியும், அதில் ரெண்டு கருத்து இல்லை. ஆனால் நம் விசைப்படகு இழுத்துப் போகிற இழுவைமடி வலையில் சிக்கி அறுந்துபோகிற வலை யாருடையது? யுத்தத்தில் எல்லாம் போய், கடன் வாங்கி வலை வாங்கின ஒரு தமிழனுடையது. அவனும் நம்மைப் போலவே அந்தோணியார் திருவிழாவுக்குக் கச்சத்தீவு வந்து, பக்கத்தில் முழங்கால் போட்டு நிற்கிறவன். அவன் பங்கு கடலில் எங்கே என்று கேட்டால் கரையில் என்னைத் துரோகி என்கிறார்கள். சொல்லட்டும், வயதாகிவிட்டது, இனி என்ன?

சரி, கடலை விட்டு உங்கள் வீட்டுக்கு வருவோம். தியானம் முடிந்த கையோடு அம்மாவுக்குப் போன் போட்டு, ஐந்து நிமிடத்தில் எரிந்து விழுந்து வைத்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அம்மா என்ன பேசுவார்? கோழி, மழை, பக்கத்து வீட்டுக் கல்யாணம், அப்புறம் அண்ணன். நாள் முழுக்கப் பேச ஆள் இல்லாமல் சேர்த்து வைத்திருந்ததைக் கொட்டுவார். அந்த ஒரு மணி நேரத் தியானத்தில் கால் மணி நேரம் அவர் பங்கு என்று வைத்துக்கொள்ளுங்களேன். கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கிற மாதிரியே, குறுக்கே பேசாமல், திருத்தாமல், கோழிக் கதையைக் கேளுங்கள். எனக்கு இதைச் சொல்ல யோக்கியதை குறைவு. என் அம்மா பேசும்போது நான் பேப்பர் படிப்பேன். இப்போது பேப்பர் மட்டும் இருக்கிறது.

வேலை இடத்துக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் சூப்பர்வைசர் என்கிறீர்கள், பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவர்கள் இருந்தால் எத்தனை பீஸ், எத்தனை ரிஜெக்ட் என்று எழுதுகிற நோட்டு உங்கள் கையில்தான் இருக்கும். தைக்கிறவர் தப்பா, துணியிலேயே தப்பா என்று பார்க்காமல் ரிஜெக்ட் போடுகிற வழக்கம் இருந்தால், அந்த நண்டுக்கார அக்கா என்னிடம் கேட்ட கேள்வியை நீங்களாகவே கேட்டுப் பாருங்கள். வேலையை விட்டுவிட்டுப் புரட்சி பண்ணச் சொல்லவில்லை, நானும் பண்ணவில்லை. ஆனால் ஒரு பெட்டியையாவது வடியவிட்டு எடை போட்டுப் பாருங்கள். உண்மைக் கணக்கு எவ்வளவு என்று தெரிந்தும் பழைய கணக்கை எழுதுவது கஷ்டமாகத்தான் இருக்கும், இருக்கட்டும். தெரியாமல் எழுதிக்கொண்டு நிம்மதியாக இருப்பதற்கு அது பரவாயில்லை. உங்கள் மனசு நிறையவில்லை என்கிறீர்களே, அதை ஒரு வியாதி மாதிரி எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கேயோ ஒரு கணக்கு நேராகவில்லை என்று அது சொல்கிறதோ என்னவோ. நான் என் மனசை நாலு வருடம் தீர்த்தத்தில் முக்கி முக்கி வாயை அடைத்தேன்.

அந்த அக்காவைப் பற்றிக் கேட்பீர்கள். வேலையை விட்ட பிறகு ஒரு தொகையைக் கணக்குப் போட்டு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வாங்கினார். எண்ணிப் பார்த்தார். மன்னிப்பு, கண்ணீர் என்று எதுவும் நடக்கவில்லை. “எனக்கு அரைக் கிலோதான எடுத்தீக, பெரியபட்டணத்துக்காரிக்கு ஒரு கிலோ எடுத்தீகளே, அவளுக்குக் குடுத்தாச்சா?” என்று கேட்டார். முதலாளி ரகசியமாகச் செய்த சலுகை அவருக்கு நாலு வருடமும் தெரிந்தே இருந்திருக்கிறது. பெரியபட்டணத்துக்காரரைத் தேடிப் போனேன், அவர்கள் குடும்பத்தோடு எங்கேயோ போய்விட்டார்கள். அந்தக் கணக்கு என்னிடம் அப்படியே இருக்கிறது.

இனி அண்ணன் விஷயம். பாகப்பிரிவினையில் யார் பக்கம் நியாயம் என்று எனக்குத் தெரியாது, நீங்கள் சொல்வதை மட்டும் வைத்துச் சொன்னால் அவர் பக்கத்து நோட்டைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிற மாதிரி ஆகிவிடும். மனசில் ஏறியிருக்கிற சொல்லை விட்டுவிட்டு, பத்திரத்தை மட்டும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். வீடு, மனை, தென்னை எல்லாம் பிரித்திருப்பார்கள். உங்கள் பக்கத்து மண்ணில் நாலு அடி தள்ளித் தோண்டினாலே ஒரு கிணறு உப்பு, ஒரு கிணறு நல்ல தண்ணீர். பழைய பத்திரங்களில் அதனால்தான் கிணறு யார் மனையில் விழுந்தாலும் தண்ணீர் எடுக்க ரெண்டு பேருக்கும் பாத்தியம் என்று எழுதி, நடைபாதையும் விட்டிருப்பார்கள். உங்கள் பத்திரத்தில் அது இருக்கிறதா? இருந்தால், இந்த மூன்று வருடத்தில் அந்தப் பாதையில் வேலி எதுவும் வந்திருக்கிறதா, வந்திருந்தால் போட்டது யார்? பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். போனதும் உங்கள் அண்ணி இப்போது எங்கேயிருந்து தண்ணீர் எடுக்கிறார் என்று அம்மாவிடம் கேளுங்கள்.